கரிசல்காட்டுக்காரர்களின் கடற்கரை

1968 ஜனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு கூடியபோது மெரினா உலாச்சாலையில் பத்துச் சிலைகள் எழுந்தன: திருவள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, வீரமாமுனிவர், போப், கால்டுவெல், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சிதம்பரனார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர் யாராவது இந்த வரிசையைக் கொஞ்சம் நின்று பார்த்தால் ஒன்று புலப்படும். பத்தில் ஐந்து பேர் பழைய திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்கள், அல்லது அங்கே இருந்து உழைத்தவர்கள். கால்டுவெல்லுக்கு இடையன்குடி, போப்புக்குச் சாயர்புரம். மற்ற மூவரும் கரிசலுக்கே உரியவர்கள். பாரதி எட்டயபுரம். வ.உ.சி. ஒட்டப்பிடாரம், சிறை மீண்டு, பறிபோன வழக்கறிஞர் உரிமம் திரும்பக் கிடைத்த பிறகு 1920களில் கோவில்பட்டியில் குடியிருந்து தொழில் செய்தவர். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தமிழ்நாட்டில் முதலில் ஊழியம் பார்த்த ஊர்களில் ஒன்று கோவில்பட்டி வட்டத்துக் காமநாயக்கன்பட்டி. சிலைகளுக்கு முன்னால் ஓடும் சாலைக்கே காமராஜர் பெயர். விருதுநகரில் பிறந்த அவர் 1957இலும் 1962இலும் சட்டமன்றத்துக்குப் போனது சாத்தூர்த் தொகுதியிலிருந்து.

வானம் பார்த்த பூமி ஒன்று தலைநகரின் கடற்கரையில் இவ்வளவு இடம் பிடித்திருப்பதைத் தற்செயல் என்று நான் எண்ணவில்லை. மெரினாவைக் கட்டியவர் ஓர் ஆங்கிலேய கவர்னர். அதை மக்கள் கூடும் களமாக மாற்றியதில் உள்நாட்டு வறண்ட ஊர்களிலிருந்து பிழைப்பும் பத்திரிகையும் அரசியலும் தேடிப் போனவர்களுக்குப் பெரிய பங்குண்டு. மெரினாவின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கட்டடங்களின் வரலாற்றையே சொல்லிவிட்டுப் போகிறார்கள். மணலில் உட்கார்ந்திருந்தவர்களின் வரலாறு வேறு.

கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக் கடல் சுமார் அறுபது கிலோமீட்டர். தூரம் அதிகமில்லை என்றாலும் கரிசல்காட்டுக்குக் கடல் என்பது பொழுதுபோக்குக்கான இடமாக இருந்ததில்லை. அது பருத்தி போய்ச் சேரும் இடம். 1876இல் மதுரை–தூத்துக்குடி ரயில்பாதை திறந்த பிறகு பருத்திப் பொதிகள் கோவில்பட்டி வழியாகத் துறைமுகத்துக்கு ஓடின. இந்த மண்ணில் ஜனங்கள் கூடிக் களித்த இடங்கள் வேறு: கழுகுமலைப் பங்குனி உத்திரம், எட்டயபுரம் சந்தை, செண்பகவல்லியம்மன் கோயில் திருவிழா, மழை பெய்த வருஷத்தில் கண்மாய்க்கரை. இவை எல்லாமே நாள் பார்த்துக் கூடுபவை. அறுவடையோ பண்டிகையோ சந்தையோ இல்லாத ஒரு சாதாரண நாளில், வேலை முடிந்த மாலையில், முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானோர் ஓரிடத்தில் வந்து உட்கார்வது இங்கிருந்து பட்டணம் போனவர்களுக்குப் புதிய அனுபவமாகத்தான் இருந்திருக்கும்.

அந்த இடமும் அப்போது புதிதாக உண்டாகிக்கொண்டிருந்தது. இன்று நாம் நடக்கிற அகன்ற மணற்பரப்பு பழங்காலத்திலிருந்து வருவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அலை சாலைக்கு வெகு அருகில் வந்து போனது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் இரண்டு கல்சுவர்கள் நீண்டன. 1881 நவம்பர்ப் புயல் அவற்றை உடைத்தது, திரும்பவும் கட்டினார்கள். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். கல்சுவர் குறுக்கே நின்றதும் வந்த மணல் தெற்கே தேங்கியது. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. மெரினா அகலமானதும் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கரை அரிக்கப்பட்டதும் ஒரே காரியத்தின் இரு பக்கங்கள். தென்சென்னை காற்று வாங்கும் மணலுக்கு வடசென்னை மீனவர் வீடுகளைக் கொடுத்து விலை கட்டியிருக்கிறார்கள். மெரினாவின் அழகைப் பேசும் கட்டுரைகள் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

மவுன்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன் கிராண்ட் டஃப் 1881 முதல் 1886 வரை சென்னை கவர்னர். சாலையை ஒட்டிப் பூச்செடிகளும் நடைபாதையும் அமைத்து 1884–85இல் உலாச்சாலையை ஒழுங்குபடுத்தியவர் அவர். சிசிலித் தீவின் பலெர்மோ நகரக் கடற்கரையின் நினைவில் மெரினா என்று பெயர் வைத்தார். அக்காலத்து இங்கிலாந்தில் கடற்கரை உலாச்சாலை ஒரு பெரிய தொழிலாகியிருந்தது. பிளாக்பூலில் 1863இல் கடலுக்குள் நீளும் மேடை கட்டி, நுழைவுக்குக் காசு வாங்கி, வாத்தியக் குழுவை உட்காரவைத்தார்கள். ஆலைத் தொழிலாளர்கள் விடுமுறைக்கு ரயிலேறி வந்தார்கள். சென்னையில் அந்த வணிகம் வரவில்லை. இங்கே வந்தது துரைமார் குதிரைவண்டிகளில் மாலை உலாப் போகும் பழக்கம். வண்டிகள் வரிசையாக நிற்கும், பட்டாள பேண்டு வாசிக்கும், அறிந்தவர்கள் அறிந்தவர்களுக்கு வணக்கம் சொல்வார்கள். எதிரே சிஷோம் வடிவமைத்த மாநிலக் கல்லூரியும் செனட் மாளிகையும் அதிகாரத்தின் முகமாக நின்றன. சற்றுத் தெற்கே, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ். 1897இல் விவேகானந்தர் தங்கிப் பேசியது அங்கேதான்.

பொழுதுபோக்கு என்று தனியாகச் சொல்லத்தக்க முதல் கட்டடம் 1909இல் திறந்த மீன் காட்சியகம். சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டனின் யோசனை அது. இந்தியாவில் அப்படியொன்று அதுவே முதல். வலையில் செத்துக் கிடக்கும் மீனை மட்டுமே கண்டிருந்த நகரவாசிகள், கண்ணாடிக்குப் பின்னால் கடல்மீன் உயிரோடு நீந்துவதைக் காசு கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப்போர் நாள்களில் அது மூடப்பட்டது. பழைய நிலைக்கு மீளவே இல்லை.

வானொலியின் கதை அதைவிட முக்கியம். 1924இல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப் நொடித்துப்போக, 1930 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. 1938 ஜூனில் அகில இந்திய வானொலி சென்னைக்கு வரும்வரை எட்டாண்டு அது நீடித்தது. வீட்டில் ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்கள் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மாநகராட்சி மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டியது. சபாவுக்குச் சீட்டு வாங்க முடியாதவர், சபா வாசலில் நிற்கவும் தயங்கியவர், கடற்கரை மணலில் உட்கார்ந்து கச்சேரி கேட்டார். இசைக்குச் சாதியும் சீட்டும் வாசற்படியும் இருந்த ஒரு நகரத்தில் இது சிறிய காரியமில்லை. ஒரு நகராட்சி தன் குடிகளுக்குச் செய்த பண்பாட்டுத் தொண்டுகளில் இதை மிக உயரத்தில் வைக்க வேண்டும் என்பேன்.

ஆனால் மணலில் பெருங்கூட்டம் கூட வானொலி வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. அதற்கு முந்தைய கதை எட்டயபுரத்தில் பிறந்தவரோடு சேர்ந்தது.

பாரதி 1904இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து சென்னை வந்தார். திருவல்லிக்கேணியிலிருந்து கடற்கரை நடக்கிற தூரம். 1907 மே மாதம் வங்கத்துத் தலைவர் விபின் சந்திர பாலைச் சென்னைக்கு அழைத்து வந்து திருவல்லிக்கேணிக் கடற்கரையில் தொடர் சொற்பொழிவு நடத்தச் செய்தவர்களில் பாரதி முக்கியமானவர். கூட்டங்களுக்குத் தலைமை தாங்கியவர் ஜி.சுப்பிரமணிய ஐயர். அதுவரை சென்னையில் அரசியல் கூட்டம் என்றால் பெரும்பாலும் மண்டபத்துக்குள், ஆங்கிலத்தில், படித்தவர்களுக்கு. மண்டபத்துக்கு வாடகை உண்டு, கதவு உண்டு, கதவில் யாரை விடுவது என்று தீர்மானிக்கும் ஆளும் உண்டு. கடற்கரைக்கு இவை எதுவும் இல்லை. கூட்டம் நடந்த இடத்துக்குத் திலகர் கட்டம் என்ற பெயர் நிலைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்று வாங்க வந்தவர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். அரசியலுக்கென்று வீட்டைவிட்டுக் கிளம்பாத குமாஸ்தா, மாணவர், கடைச்சிப்பந்தி எல்லோரும் சும்மா நடந்து வந்து, பேச்சு காதில் விழுந்து, ஓரமாக நின்று, பிறகு உட்கார்ந்தவர்கள். கவர்னர் உல்லாசத்துக்காகப் போட்ட சாலைதான் சுதேசிகளுக்கு இந்தக் கூட்டத்தைத் தயார் செய்து கொடுத்தது. பொழுதுபோக்கையும் அரசியலையும் இரண்டு தனி வரலாறுகளாக எழுதினால் மெரினா புரியாது என்று நான் சொல்வது இதனால்தான். முதலாவது இல்லாமல் இரண்டாவதற்குக் கேட்பவர்கள் கிடைத்திருக்க மாட்டார்கள்.

அதே ஆண்டுகளில் தெற்கே தூத்துக்குடியில் வ.உ.சி. கடலை வேறுவிதமாகக் கைக்கொண்டிருந்தார். 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்தன. 1908 தொடக்கத்தில் சுப்பிரமணிய சிவாவோடு சேர்ந்து மாலைக் கூட்டங்களில் பேசினார். கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை வெற்றிக்குக் கொண்டுபோனார். மார்ச் 12இல் கைதானார். மறுநாள் திருநெல்வேலி கலவரத்தில் எரிந்தது. பாரதி புதுச்சேரிக்குப் போனார். கரிசலின் இரண்டு பிள்ளைகளையும் ஒரே ஆண்டில் கடற்கரை மேடையிலிருந்து அகற்றிவிட்டார்கள்.

பத்தாண்டுக்குப் பிறகு பாரதி மெரினாவுக்குத் திரும்பியதைப் பற்றி எழுத்தாளர் வ.ரா. எழுதிவைத்த சம்பவம் தமிழர் பலருக்கும் தெரியும். 1919இல் காந்தி சென்னையில் கதீட்ரல் சாலையில் ராஜாஜி குடியிருந்த வீட்டில் தங்கியிருந்தார். பாரதி நேரே உள்ளே போய், அன்று மாலை திருவல்லிக்கேணிக் கடற்கரையில் தான் பேசப்போகும் கூட்டத்துக்குத் தலைமை வகிக்க முடியுமா என்று கேட்டார். காந்திக்கு அன்று வேறு வேலை. கூட்டத்தை மறுநாளைக்குத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லி, காந்தி தொடங்கவிருந்த இயக்கத்தை வாழ்த்திவிட்டு பாரதி வெளியேறினார். இதைப் பாரதியின் மிடுக்குக்கு எடுத்துக்காட்டாகவே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் கடற்கரையைப் பற்றிய செய்தியும் கிடைக்கிறது. கையில் காசில்லாத, சொந்தப் பத்திரிகை இல்லாத, கட்சியில் பதவி இல்லாத ஒரு கவிஞர், இன்று மாலை கூட்டம் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. அனுமதிக் கடிதமோ வாடகையோ இல்லாமல் கூட்டம் போடத்தக்க ஓரிடம் நகரத்தில் இருந்ததால்தான் அது முடிந்தது.

அடுத்த இருபதாண்டில் அந்த மணலில் நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1919 ஏப்ரல் 6, ரௌலட் சட்டத்துக்கு எதிரான கடையடைப்பு நாளில் கடற்கரை நிறைந்தது. 1923 மே 1இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் உயர்நீதிமன்றக் கடற்கரையிலும் கொண்டாடினார். மீனவக் குடும்பத்தில் பிறந்த அவருக்கு அந்தக் கரை சொந்த வாசல். 1930இல் டி.பிரகாசமும் நாகேஸ்வர ராவ் பந்துலுவும் உப்புச் சட்டத்தை அங்கே மீறினார்கள். 1938 ஆகஸ்ட் 1 உறையூரில் கிளம்பி நடந்தே வந்த இந்தி எதிர்ப்புத் தமிழர் படை, செப்டம்பர் 11 கடற்கரைக் கூட்டத்தில் வந்து முடிந்தது. மறைமலையடிகளும் பெரியாரும் மேடையில் இருந்த அந்த நாளில்தான் தமிழ்நாடு தமிழருக்கே என்ற முழக்கம் பெருங்கூட்டத்தின் முன் வைக்கப்பட்டது.

கடலுக்கு அப்பால் கொழும்பில் இதற்கொரு உடன்பிறப்பு இருக்கிறது. காலிமுகத்திடலின் நடைபாதையை 1859இல் முடித்த கவர்னர் ஹென்றி வார்ட், கொழும்புப் பெண்களும் குழந்தைகளும் காற்று வாங்குவதற்காக அதைப் பேணுமாறு தனக்குப் பின்வருபவர்களைக் கேட்டுக்கொண்டு கல்லில் பொறித்து வைத்தார். பட்டம் விடுவதற்கும் இறால் வடை தின்பதற்கும் குடும்பங்கள் கூடிய அந்தத் திடலில் 2022 ஏப்ரல் 9 முதல் மக்கள் கூடாரம் அடித்தார்கள். ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டே போனார். இரண்டு கவர்னர்களும் உலாவுவதற்கென்று விட்ட இடத்தை மக்கள் இப்படி எடுத்துக்கொண்டார்கள். அரண்மனைக்கும் அலுவலகத்துக்கும் எதிரே திறந்த வெளியை விட்டுவைத்தால் அங்கே மக்கள் ஒருநாள் வந்து நிற்பார்கள் என்பதை ஆட்சியாளர்கள் பிறகுதான் புரிந்துகொள்கிறார்கள்.

விடுதலைக்குப் பிறகு உலாச்சாலை பேச்சைவிடச் சிலைகளால் நிறையத் தொடங்கியது. காமராஜர் முதலமைச்சராக இருந்த 1959இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை எழுந்தது. பாறையை நெம்பும் நான்கு உடல்களும் ஒரே மூச்சில் இயங்குகின்றன. மெரினாவில் கலை என்று தயங்காமல் சொல்லத்தக்கது அதுதான் என்பது என் கருத்து. பருத்தி மில்லிலும் தீப்பெட்டி ஆபீசிலும் வேலை பார்த்த ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த முதுகுகளை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1968இன் பத்துச் சிலைகள் கலை என்ற அளவில் அதற்கு ஈடாக மாட்டா. ஆனால் அவற்றின் நோக்கம் வேறு: கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒவ்வொரு சிறுவனுக்கும் ஒரு நடைபாதையையே இலக்கிய வரலாறாக ஆக்கிக் கொடுப்பது. அந்த நோக்கத்தை நான் முழு மனத்தோடு மதிக்கிறேன்.

பிறகு கல்லறைகள் வந்தன. 1969 பிப்ரவரியில் அண்ணா, 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர்., 2016 டிசம்பரில் ஜெயலலிதா, 2018 ஆகஸ்டில் கருணாநிதி. கருணாநிதிக்கு இடம் கிடைக்க இரவோடு இரவாக நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. சிலைகளும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2001 டிசம்பரில் கண்ணகி அகற்றப்பட்டு, ஆட்சி மாறிய பின் 2006 ஜூனில் திரும்பினாள். அதே 2006இல் ராதாகிருஷ்ணன் சாலை முனையில் வைத்த சிவாஜி கணேசன் சிலை போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 2017இல் அடையாறு மணிமண்டபத்துக்குப் போனது. எங்கள் பக்கத்தில் இது மனத்தை உறுத்திய செய்தி. 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில், தன் காசில் நிலம் வாங்கிச் சிலை வைத்தவர் சிவாஜி. அந்தச் சிலை இன்றும் நெடுஞ்சாலை ஓரத்தில் அசையாமல் நிற்கிறது.

இந்தச் சிலைகளுக்கும் கல்லறைகளுக்கும் நடுவே மெரினாவின் மூத்த குடிகளுக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் போக முடியாது. நொச்சிக்குப்பம், அயோத்திக்குப்பம், மாட்டாங்குப்பம், நடுக்குப்பம் ஆகியவை அங்கே வாழும் மீனவர் ஊர்கள். 1985இல் கடற்கரையை அழகுபடுத்துவதாகச் சொல்லிக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முனைந்தது. எதிர்த்தவர்கள் மீது அந்த டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியதில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். 2023 ஏப்ரலில் உயர்நீதிமன்ற உத்தரவையடுத்து இணைப்புச் சாலையோர மீன் கடைகள் அப்புறப்படுத்தப்பட்டன. மீன்காரப் பெண்கள் மீனைச் சாலையில் கொட்டி மறித்தார்கள். பிறகு அவர்களுக்குக் கட்டடச் சந்தை வந்தது. உலாவுகிறவரின் கண்ணுக்கு இதமாக இருக்க வேண்டும் என்பதற்காக, உழைக்கிறவரைக் கரையிலிருந்து தள்ளுவது கிராண்ட் டஃப் காலத்து மனப்பான்மை. ஜனநாயக அரசுகள் அதைக் கைவிடாமல் வைத்திருப்பது வெட்கத்துக்குரியது.

பேச்சுக்கான இடமும் இப்படியே சுருங்கியது. 1970இல் கட்டிய சீரணி அரங்கம், எல்லாக் கட்சியும் மேடையேறிய இடம், 2003இல் இடிக்கப்பட்டது. அதன்பின் போராட்டக் கூட்டங்களுக்குக் கடற்கரையில் அனுமதியில்லை என்பது நடைமுறையானது. 2017 ஜனவரி 17 முதல் 23 வரை ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய இளைஞர்கள் அனுமதி கேட்டு வரவில்லை. மீனவக் குப்பத்துப் பெண்கள் அவர்களுக்குச் சோறு கொடுத்தார்கள். கடைசி நாளில் தடியடிக்குத் தப்பி ஓடியவர்களுக்கு வீட்டைத் திறந்துவிட்டார்கள். அந்த வாரத்துக்குப் பிறகு சிறு கூட்டம் சேர்ந்தாலும் போலீஸ் வந்து நின்றது.

மறு ஆண்டு காவிரிப் பிரச்சினைக்காக மெரினாவில் உண்ணாவிரதம் இருக்க விவசாயிகள் தலைவர் அய்யாக்கண்ணு அனுமதி கேட்டு உயர்நீதிமன்றம் போனார். தனி நீதிபதி ஒருநாள் மட்டும் அனுமதித்தார். அரசு மேல்முறையீடு செய்தது. இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்து, பின்னர் ரத்தும் செய்தது. விவசாயிகள் இயக்கத்தின் பெருந்தலைவர் நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பரில், தேர்தல் பணிக்காக வந்த இடத்தில், கோவில்பட்டியில்தான் உயிர்விட்டார். அவர் கூட்டங்களில் கலந்துகொண்ட மானாவாரி விவசாயிகளின் பிள்ளைகள் இந்தத் தீர்ப்பைச் செய்தியாக மட்டும் படித்திருக்க முடியாது.

கடற்கரை மக்கள் பொழுதைக் கழிக்கும் இடம், அங்கே போராட்டம் கூடாது என்பதே அரசுத் தரப்பின் வாதம். 1907 முதல் 1938 வரை நடந்தவற்றைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிரிவினை எவ்வளவு பொய்யானது என்று தெரியும். போராட வருகிறவர்களுக்குச் சென்னையில் இன்று வள்ளுவர் கோட்டத்தையும் சேப்பாக்கத்தையும் ஒதுக்கித் தருகிறார்கள். தடுப்புக் கம்பிகளுக்குள் முழக்கமிட்டு, மாலையில் கலைந்துபோகிறார்கள். கேட்பவர்கள் அவர்களோடு வந்தவர்களும் காவலர்களும் மட்டும். காற்று வாங்க வந்து, பேச்சு காதில் விழுந்து, ஓரமாக நின்று கேட்கும் அந்த மூன்றாவது ஆள் அங்கே இல்லை.